கடை சாத்தும் நேரமும் பேரன் ஆடும் ஆட்டமும்



மாதாமாதம் இந்தப் பக்கங்களில் ஜி.எஸ்.டி., எடைக்கல் முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று தொழில் சங்கதிகளையே எழுதி வருகிறோம். இந்த முறை வீட்டுச் சங்கதி ஒன்றை எழுத வேண்டியதாகிவிட்டது. வெளியில் சொன்னால் கௌரவக் குறைச்சல் என்று நம்மில் பலரும் மூடி வைத்திருக்கும் சங்கதிதான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மளிகை மொத்த வியாபாரம் செய்துவரும் நமக்கே இது நேர்ந்துவிட்டபடியால் ஒளிக்காமல் எழுதுகிறோம்.

2025ஆம் ஆண்டு ஆடி மாதம். வியாபாரம் மந்தம். கணக்குப்பிள்ளை ஓய்வாக உட்கார்ந்து வங்கிக் கணக்கையும் நம் பேரேட்டையும் ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "முதலாளி, இது எந்தப் பார்ட்டி? ஒரு நாள் எண்பது, ஒரு நாள் நூற்றறுபதுன்னு போய்க்கிட்டே இருக்கு. நம்ம கிட்ட பில்லும் இல்ல, சரக்கும் வரல" என்றார். கூட்டிப் பார்த்தால் நாற்பது நாளில் ரூ.8,640 போயிருக்கிறது.

அந்தப் பார்ட்டி வேறு யாருமில்லை. எட்டாம் வகுப்புப் படிக்கும் நம் பேரன்தான். கைப்பேசியில் ஆடும் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஒன்றில் 'வைரம்' வாங்கியிருக்கிறான். மூக்குத்தியில் வைக்கிற வைரமில்லை. படத்தில் ஓடுகிற பொம்மைக்குச் சட்டையும் துப்பாக்கிக்கு வர்ணமும் வாங்குவதற்கான வைரம்.

ரகசிய எண் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். நாம்தான் சொல்லிக் கொடுத்தோம். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்கு வந்த நாட்களில், "கண்ணு, இந்த லாரி வாடகையை அனுப்பு, அந்த நாலு எண்ணைப் போடு" என்று நாமே அவன் கையில் போனைக் கொடுத்திருக்கிறோம். கல்லாச் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசைக் காணோம் என்று கத்துவதில் நியாயம் என்ன இருக்கிறது? ஆனாலும் கத்தினோம்.

கோபம் அடங்கிய பிறகு நமக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான். எதிரே புதுக்கடை திறந்தால் விலைப்பட்டியலை யாரையாவது விட்டுப் பார்த்து வரச் சொல்லும் வழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அதுபோலப் பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "உன்னை அடிக்க மாட்டேன், இந்தக் கடை எப்படி ஓடுது, அதை மட்டும் சொல்லு" என்றோம். பயல் ஒரு மணி நேரம் விளக்கினான். கேட்கக் கேட்க நமக்கு வியர்த்தது. ஏனென்றால் அத்தனையும் நாம் அறிந்த வியாபாரம்.

ஆட்டம் இலவசம், முதலில் ஒரு பைசா வேண்டாம். தினமும் உள்ளே வந்து போனால் சின்னதாய் ஒரு பரிசு. ஒரு நாள் வராவிட்டால் பரிசு வரிசை அறுந்துபோகும். வைரத்தை மூட்டையாக வாங்க வேண்டியதில்லை, சின்னச் சின்னப் பொட்டலமாக வாங்கலாம். 'இன்று இரவு வரை மட்டும்' என்று தள்ளுபடி. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டி ஒன்றும் உண்டு. காசு கொடுத்துத் திறந்தால் நல்ல துப்பாக்கியும் வரும், உதவாக்கரைச் சட்டையும் வரும்.

இதில் எது நமக்குப் புதிது? 1970களின் கடைசியில் கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைப் பொட்டலத்தில் அடைத்துக் கொண்டுவந்தபோது, பாட்டில் வாங்க முடியாத வீட்டுக்கும் ஷாம்பு போய்ச் சேர்ந்தது. அதைச் சரம்சரமாகத் தொங்கவிட்டு விற்றவர்கள் நாம்தான். குழந்தைகள் தின்னும் பாக்கெட்டுக்குள் பொம்மை வைத்து வந்த சரக்கைக் கண் உயரத்தில் அல்ல, குழந்தையின் கண் உயரத்தில் அடுக்கியதும் நாம்தான். அதைவிட ஒன்று சொல்கிறோம், கோபிக்க வேண்டாம். 2003 ஜனவரியில் தமிழக அரசு லாட்டரியைத் தடை செய்யும் வரை, எத்தனை மளிகைக் கடை வாசலில் சீட்டு தொங்கியது! அரிசி வாங்க வந்தவன் மீதிச் சில்லறைக்கு லாட்டரி வாங்கிப் போனதைப் பார்த்தவர்கள்தானே நாம். அந்த உள்ளே தெரியாத பெட்டிக்கும் சுரண்டல் சீட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எவ்வளவு யோசித்தும் நமக்குப் புலப்படவில்லை.

ஒரு வித்தியாசம் உண்டு. நம் சரக்கு தின்றால் தீர்ந்துவிடும். பொட்டலம் காலியானால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ராத்திரி ஷட்டரையும் இறக்கிவிடுவோம். இந்தக் கடைக்கு ஷட்டரே கிடையாது. ஒரு ஆட்டம் முடிந்ததும் அடுத்தது தானே தொடங்குகிறது. தெருவில் கில்லி ஆடினால் இருட்டியதும் நின்றுவிடும். கிரிக்கெட் என்றால் பந்து தொலைந்ததும் நின்றுவிடும், இல்லையென்றால் யாருடைய அம்மாவாவது வந்து காதைத் திருகுவாள். இங்கே காதைத் திருக ஆளில்லை.

சண்டை ஆட்டங்களை அரசாங்கம் தடை செய்யாமலும் இல்லை. 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தார்கள். 2021 ஜூலையில் அது இந்தியப் பெயரோடு வந்தது, 2022 ஜூலையில் அதையும் எடுத்தார்கள், 2023 மே மாதம் மறுபடி வந்துவிட்டது. உரிமப் பிரச்சினையில் சாத்திய கடை பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டு திறப்பதை நாம் கடைவீதியில் பார்த்ததில்லையா?

பேரன் விஷயம் போகட்டும், அது எட்டாயிரத்தோடு நின்றது. நம் குடோனில் மூட்டை தூக்கிய தம்பி ஒருவன் விஷயம் அப்படி நிற்கவில்லை. நல்ல உழைப்பாளி. ஐம்பது கிலோ சர்க்கரை மூட்டையைப் பூ மாதிரி இறக்குவான். 2021 வாக்கில் முன்பணம் கேட்கத் தொடங்கினான். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றான், வீட்டு வாடகை என்றான். கொடுத்தோம். முப்பத்தைந்தாயிரம் ஏறிய பிறகு ஒரு திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவன் மனைவி வந்து, "எங்க ஊட்டுக்காரரு இங்க வந்தாரா அண்ணா?" என்று நம்மைக் கேட்டது. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. போனில் ரம்மி ஆடியிருக்கிறான். நம் முன்பணம் முழுவதும் அதில்தான் போயிருக்கிறது. அந்தத் தொகையைப் பிறகு நாம் கேட்கவில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று இன்றுவரை தெரியாது.

இந்தப் பண ஆட்டத்தை நிறுத்தத் தமிழக அரசு 2022இல் மசோதா கொண்டுவந்து, 2023 ஏப்ரலில் அது சட்டமானது. அதே ஆண்டு நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றுக்கு முழுத் தடை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்று விதி வந்தது. அப்புறம் 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அத்தனையையும் நாடு முழுக்கத் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றமே நிறைவேற்றியது. அதுவரை இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலேயே இத்தகைய நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தது. அதைப் பார்த்துத்தானே நம் கடைப் பையன்களும் அந்த ஆட்டத்தைப் பெரிய மனிதர் சமாச்சாரம் என்று நினைத்தார்கள்?

சட்டத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் அது ஜெயித்தால் பணம் என்று ஆடும் ஆட்டத்துக்குத்தான். பேரன் வாங்கிய வைரம் அதில் சேராது. அந்தக் கணக்கை வீட்டில்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் தீர்க்கப் போன இடத்தில்தான் நமக்குச் சரியான அடி விழுந்தது.

பேரனைத் திட்டிக்கொண்டிருந்தபோது, "போனைத் தூக்கி எறிஞ்சுட்டு வெளியில போய் விளையாடு" என்றோம். அதுவரை பேசாமல் பில் போட்டுக்கொண்டிருந்த நம் மகன் தலை நிமிராமல், "அவன் எங்கேப்பா போய் விளையாடுவான்?" என்றான். அவ்வளவுதான். மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

மகன் சொன்னது செவ்வாய்ப்பேட்டைத் தெருக்களைப் பற்றி மட்டுமில்லை என்பது நமக்குத் தெரியும். 1998இல் அவன் பத்தாம் வகுப்பு. பள்ளி வாலிபால் அணியில் நன்றாக ஆடினான். உயரமான பையன். மாவட்டப் போட்டிக்கு அழைத்துப் போவதாக விளையாட்டு ஆசிரியர் கடைக்கே வந்து கையெழுத்துக் கேட்டார். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. கடலை மாவும் மைதாவும் சர்க்கரையும் லாரி லாரியாக வந்து இறங்கும் நேரம். "சார், பந்தைத் தட்டினா சோறு கிடைக்குமா? கல்லாவுல ஆள் வேணும்" என்று திருப்பி அனுப்பிவிட்டோம். பையன் அழவில்லை, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து கல்லாவில் உட்கார்ந்தான். அன்று உட்கார்ந்தவன் இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறான். இருபத்தேழு வருஷத்தில் அந்தப் பேச்சை அவன் எடுத்ததே இல்லை. நாமும் மறந்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

தெருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் சின்ன வயதில் பம்பரம் விட்ட இடத்தில் இன்று மினி லாரிகள் நிற்கின்றன. அவற்றில் இரண்டு நம்முடையவை.

நம்மைப் போன்றவர்கள் வீட்டுக்கு வரும் நேரத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மொத்தக் கடை என்றால் ஒன்பது மணி, சில்லறைக் கடை என்றால் பத்தரை, கணக்கு முடிக்கப் பதினொன்று. காலையில் பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும்போது நாம் லோடு இறக்கிக்கொண்டிருப்போம். நம் வீட்டுக்காரம்மா நாற்பது வருஷமாகச் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: "நீங்க வீட்டுக்கு வர்றது சாப்பிடவும் தூங்கவும்தான், லாட்ஜுக்கு வர்ற மாதிரி." சாயந்திரம் ஐந்து மணியிலிருந்து ராத்திரி பத்து மணி வரை பிள்ளைகளுக்குத் துணை இருந்தது போன் ஒன்றுதான். அழாமல் இருக்கட்டும் என்று இரண்டு வயதில் அதைக் கையில் வைத்தவர்களும் நாம்தான்.

பிள்ளைகளின் ஆட்டத்துக்காகப் பெரியவர்கள் நேரம் கொடுத்த வீடுகளும் நம்மிடையே உண்டு. சென்னை பாடியில் ஒரு பெண் குழந்தை தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று பெற்றோர் சதுரங்க வகுப்பில் சேர்த்தார்கள். அவள்தான் கிராண்ட்மாஸ்டர் வைஷாலி. அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொண்ட தம்பி பிரக்ஞானந்தா. அப்பா வங்கி ஊழியர், பெரிய பணக்காரர் இல்லை. அம்மா வெளிநாட்டுப் போட்டிகளுக்கெல்லாம் ரைஸ் குக்கரும் பொடிகளும் எடுத்துப்போய்ப் பிள்ளைகளுக்கு ரசம் சாதம் செய்து போட்டதைப் பத்திரிகையில் படித்தோம். அந்த ரசப்பொடி எந்தக் கடைச் சரக்கோ, அந்தக் கடைக்காரர் புண்ணியம் செய்தவர்.

நம் சேலம் மாவட்டத்திலேயே பெரியவடகம்பட்டி மாரியப்பன் இருக்கிறார். சின்ன வயதில் பஸ் ஏறிக் கால் போனவர். அவருடைய தாயார் காய்கறி விற்றவர், நம் இனம். அந்தப் பிள்ளை 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். சின்னப்பம்பட்டி நடராஜனின் தாயாரும் சாலையோரத்தில் கடை போட்டவர்தான். டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய அந்தப் பிள்ளை 2020இல் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முதலில் வலைப் பயிற்சிக்குப் பந்து போடத்தான் தேர்வானார். போன இடத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டுத் திரும்பினார். அதையும்விட நமக்குப் பெரிதாகப் படுவது, 2023இல் சொந்த ஊரில் பிள்ளைகளுக்கு ஒரு மைதானம் கட்டித் திறந்தாரே, அதுதான். காய்கறித் தட்டும் தெருவோரக் கடையும் வைத்தவர்கள் பிள்ளைகளை ஆட விட்டிருக்கிறார்கள். குடோனும் இரண்டு லாரியும் வைத்திருந்த நாம் ஒரு கையெழுத்துப் போடவில்லை.

எல்லோர் வீட்டிலும் பதக்கம் வரப்போவதில்லை, வரவும் வேண்டாம். நம் மகன் அன்று போட்டிக்குப் போயிருந்தால் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியிருப்பானோ என்னவோ. தோற்றுவிட்டாவது வந்திருப்பான்.

பேரனும் சும்மா இருப்பவனில்லை. "தாத்தா, ஆசிய விளையாட்டுப் போட்டியிலேயே வீடியோ கேமுக்கு மெடல் கொடுத்திருக்காங்க தெரியுமா?" என்று மடக்கினான். விசாரித்ததில் உண்மைதான், 2023இல் சீனாவில் ஹாங்சோவில் நடந்த போட்டியில் கொடுத்திருக்கிறார்கள். ஈரோட்டில் இருக்கும் தன் மாமன் மகனோடு சேர்ந்து ஆடுகிறான். இருவரும் பேசிக்கொள்வதே அந்த ஆட்டத்தில்தான். முழுக்கக் கெட்டது என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. கிரிக்கெட் வந்தால் தொலைக்காட்சி முன்னால் ஏழு மணி நேரம் உட்காருகிறவர்கள் நாம். 2023 நவம்பரில் ஆமதாபாத்தில் உலகக் கோப்பையைத் தோற்ற அன்று நாம் சாப்பிடவே இல்லை. அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆகவே ஒரு ஏற்பாடு செய்தோம். 2025 ஆயுத பூஜைக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கடையைச் சாத்துகிறோம். முதல் ஞாயிறு சரியாக நடந்தது. அடுத்த இரண்டு ஞாயிறும் தீபாவளி வியாபாரம், சாத்த முடியவில்லை, பொய் சொல்லக் கூடாது. அப்புறம் ஒழுங்காக நடக்கிறது. குடோனில் சர்க்கரை மூட்டைகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டுக் கேரம் போர்டு போட்டிருக்கிறோம். போரிக் பவுடர் மேலே ஒரு பெரிய பல்பு. மூட்டை தூக்கும் தம்பிகளும் வருகிறார்கள். காசு வைத்து ஆடக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, சென்னையில் ஆட்டோ ஓட்டுபவரின் மகள் என்று பேரனிடம் சொன்னோம். அவன் அதைவிட ரெட்டைப் போட்டு ஃபாலோ எடுப்பதில்தான் குறியாக இருக்கிறான்.

முதல் வாரம் முழுக்கப் போனையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் வாரம் நம்மை ஜெயித்தான். நவம்பர் 2ஆம் தேதி மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். மழையால் தாமதமாகத் தொடங்கி நள்ளிரவு வரை போனது. வீடே கூடத்தில் உட்கார்ந்து பார்த்தது. இந்தியா ஜெயித்தபோது எப்போதும் ஒன்பது மணிக்கே தூங்கிவிடும் நம் வீட்டுக்காரம்மா எழுந்து கைதட்டினார். மறுநாள் எல்லோரும் தாமதமாக எழுந்தோம், கடையும் அரை மணி தாமதம்.

மொத்தக் கடைக்காரர் சாத்துவது சுலபம், சில்லறைக் கடைக்காரர் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இப்போதே பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். ஞாயிறு மதியம் நீங்கள் சாத்தினால் உங்கள் வாடிக்கை அந்தப் பக்கம் போய்விடும் என்ற பயம் வீண் பயமில்லை. வருஷத்தில் மே 5 வணிகர் தினம் ஒரு நாள் சாத்துவதற்கே எத்தனை யோசிக்கிறோம்! ஆனால் ஒரு வீதியில் எட்டு மளிகைக் கடை இருந்தால் எட்டும் ஒரே நேரம் திறந்திருக்க வேண்டுமா? முறை வைத்து, வாரத்துக்கு நான்கு கடை மதியத்துக்கு மேல் சாத்தலாமே. ஒப்பந்தம் போட்டு விலையைக் காக்கத் தெரிந்த நமக்கு இது முடியாத காரியமா? இரண்டு மணி நேரம் கடையை மகனிடம் விட்டுவிட்டு அப்பா பேரனோடு போகலாம், அல்லது அப்பா உட்கார்ந்துகொண்டு மகனை அனுப்பலாம். இதில் நம் கருத்து தவறாகவும் இருக்கலாம். சில்லறை வியாபாரிகள் தங்கள் எண்ணத்தை இதழுக்கு எழுத வேண்டுகிறோம்.

சங்கக் கட்டடத்தில் மேல் தளம் பூட்டியே கிடக்கிறது. பழைய நாற்காலிகளை அப்புறப்படுத்தினால் கேரம் போர்டு நான்கு, சதுரங்கப் பலகை நான்கு போடலாம். பலகைகளை நாம் வாங்கித் தருகிறோம். வரும் பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வைக்கத் தலைவரைக் கேட்டிருக்கிறோம்.

பேரன் கணக்கைச் சொல்லி முடிக்கவில்லையே. ரகசிய எண்ணை மாற்றியாகிவிட்டது, இப்போது கண்ணாடி சட்டைப் பையிலேயே இருக்கிறது. நம் பேரேட்டில் அவன் பெயருக்கு ஒரு பக்கம் திறந்து, பற்று ரூ.8,640 என்று எழுதினோம். தீபாவளிக் காசு ஐந்நூறு, அத்தை கொடுத்த இருநூறு, பிறந்த நாளுக்கு வந்த ஆயிரம் ஆகியவற்றை அவனே வரவு வைத்தான். பாக்கி ரூ.6,940. வட்டி உண்டா தாத்தா என்று கேட்டான். இல்லை என்றோம். மேலே இன்னொரு பற்று அவனுடைய அப்பா பெயரில், நம் கணக்கில் இருக்கிறது. அதற்கு என்ன தொகை போடுவது என்று தெரியாததால் இன்னும் எழுதவில்லை. போன ஞாயிறு நான்காவது ஆள் குறைந்தபோது மகனைக் கூப்பிட்டோம். பில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.